மீன் பண்ணைக் கழிவில் உரம்: நாற்றத்தைவிட உப்புக்குப் பயப்படுங்கள்

பண்ணைக்குட்டையில் கட்லாவும் ரோகுவும் விட்ட முதல் வருடம், மீன் விற்ற காசு மட்டும்தான் வருமானம் என்று இருந்தேன். கரையிலேயே வெட்டிக் கொடுத்தால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம் என்று வெட்டிக் கொடுத்தோம். அதில் சேர்ந்த குடல், செவுள், செதில், தலை எல்லாவற்றையும் வேலி ஓரம் குழி தோண்டிப் போட, ராத்திரி நாய் வந்து கிளறிவிட்டுப் போனது. காலையில் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "தம்பி, மீன் வளக்குறியா, பொணம் வளக்குறியா?" என்று கேட்டார். அந்த வெட்கத்தில்தான் உரம் செய்ய ஆரம்பித்தேன். வருமானம் என்ற எண்ணமெல்லாம் அப்புறம் வந்தது.

நாம் கொட்டும் தீவனத்தில் உள்ள தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், ஏறத்தாழ கால்பங்குதான் மீனாகவோ இறாலாகவோ மாறி வலையில் ஏறுகிறது. மீதி தண்ணீரில் கரைந்தும் சேற்றில் படிந்தும் குட்டைக்குள்ளேயே கிடக்கிறது. பண்ணைச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்குப் போகிறது என்பது வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஆக, காசு கொடுத்து வாங்கின சத்தில் பெரும்பங்கைத் தொடாமல் விட்டுவிட்டு, கடைக்குப் போய் மூட்டை உரம் வாங்குகிறோம்.

இந்தக் கழிவு மூன்று விதம். நல்ல தண்ணீர் மீனை வெட்டின கழிவும் செத்து மிதக்கிற மீனும் ஒன்று. நல்ல தண்ணீர்க் குட்டையின் தண்ணீரும் சேறும் இரண்டாவது. இறால் பண்ணைச் சேறு மூன்றாவது. மூன்றையும் ஒன்றாக நினைக்கிறவர்கள் கட்டாயம் ஒருநாள் மாட்டுவார்கள், நான் மாட்டினேன்.

உப்பு

இரண்டாவது வருடம் பக்கத்து இறால் பண்ணையில் அறுவடை முடிந்து குளத்தைச் சுரண்டினார்கள். கறுப்பாக, பிசுபிசுவென்று, கண்மாய் வண்டலைவிடக் கொழுப்பாகத் தெரிந்தது. சும்மா கொடுக்கிறார்களே என்று ஒரு டிராக்டர் லோடு ஏற்றிவந்து மிளகாய் போடவிருந்த நிலத்தில் பரப்பிவிட்டேன். கண்மாய் வண்டலை வயலுக்கு அடித்துப் பழகின கை, அதையும் வண்டல் என்றே நம்பிவிட்டது. விதை பாதி முளைக்கவில்லை. முளைத்ததும் இலை ஓரம் தீய்ந்து சுருண்டது. முதலில் நோய் என்று நினைத்து மருந்து அடித்தேன், அது வேறு செலவு.

தண்ணீரில் உப்பு கூடக் கூட அதன் மின்கடத்தும் திறன், அதாவது ஈசி, கூடும். கடல் தண்ணீரில் அது சுமார் 50 டெசிசீமன். மிளகாய்க்கு மண்ணில் அது 1.5-ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கிவிடும், நெல்லுக்கு 3 வரை பரவாயில்லை, பருத்தி 7-க்கு மேல்கூடத் தாக்குப்பிடிக்கும். இறால் குளத்துச் சேறு மாதக்கணக்கில் உவர்நீரில் ஊறினது. அதை மிளகாய்க் கொல்லைக்குக் கொண்டுபோவது கடல் தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஊற்றுவதற்குக் கொஞ்சம்தான் குறைச்சல். நாற்றம் மூக்குக்குத் தெரிந்துவிடும், உப்பு செடி காய்ந்த பிறகுதான் தெரியும்.

அதனால் உரம் செய்ய இறங்கும் முன் வாங்க வேண்டிய முதல் சாமான் டிரம் இல்லை, பேனா மாதிரி இருக்கிற ஒரு ஈசி மீட்டர். சேற்றை நன்றாகக் காயவைத்துப் பொடித்து, 1 பங்குக்கு 5 பங்கு மழைத்தண்ணீர் எடை பார்த்து ஊற்றி, நன்றாகக் குலுக்கி, தெளியவிட்டு மேல் தண்ணீரில் மீட்டரை விடுங்கள். வருகிற எண்ணை அப்படியே மேலே சொன்ன அளவோடு ஒப்பிடக் கூடாது, ஏனென்றால் நீங்கள் 5 பங்கு தண்ணீர் விட்டு நீர்க்க வைத்திருக்கிறீர்கள். களிமண்ணானால் ஆறேழு மடங்கு, வண்டல் கலந்த மண்ணானால் எட்டு ஒன்பது மடங்கு, மணலானால் அதற்கும் மேலே பெருக்கிப் பாருங்கள். களிச்சேற்றில் மீட்டர் 0.5 காட்டினால் செடியின் வேர் உணர்வது 3-க்கு மேல், அதாவது மிளகாய்க்கு ஆகாது. மீட்டர் இல்லையென்றால் இரண்டு தொட்டி எடுத்து, ஒன்றில் தோட்டத்து மண், இன்னொன்றில் பாதி மண் பாதி சேறு, இரண்டிலும் 20 பாசிப்பயறு. பாசிப்பயறு உப்புக்கு ரொம்பப் பயந்த பயிர், ஒரு வாரத்தில் பதில் சொல்லிவிடும்.

இறால் சேற்றைக் கட்டாயம் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் ஒரு பருவமழை முழுக்கப் பொறுக்க வேண்டும். நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வருடத்துக்கு 800 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. புரட்டாசிக்குள் சேற்றை மேடான இடத்தில் ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, கொஞ்சம் ஜிப்சம் தூவி, மழையில் நனையவிட்டால் உப்பு இறங்கும். ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்து சேற்றைப் பிடித்திருக்கிற சோடியத்தைத் தள்ளிவிடும், தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகும். கூடவே தழைச்சத்தும் கொஞ்சம் போகும், வேறு வழியில்லை. வடிகிற தண்ணீர் யாருடைய கிணற்றுக்கும், ஊருணிக்கும் போகாத இடமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தை மாதம் மறுபடி மீட்டர் விட்டுப் பார்த்து, தென்னைக்கோ சவுக்குக்கோ மட்டும் போடுங்கள். இறாலைக் கொல்கிற வெள்ளைப்புள்ளி வைரஸ் நோய் வந்த குளத்துச் சேற்றையோ செத்த இறாலையோ இன்னொரு இறால் பண்ணை இருக்கிற பக்கமே கொண்டுபோகாதீர்கள், அது பக்கத்துக்காரன் வயிற்றில் அடிப்பது. ஓடையிலும் அலையாத்திக் காட்டிலும் கொட்டுவதும் கூடாது. கடலோர உவர்நீர்ப் பண்ணைகளுக்கு 2005 முதல் தனிச் சட்டமே இருக்கிறது.

கடல் மீன் கழிவு வேறு விஷயம். மீனின் உடம்புக்குள் இருக்கிற உப்பு கடல் தண்ணீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், பாம்பன், மண்டபம் பக்கம் மீன் வெட்டுகிற இடங்களில் கிடைக்கும் குடலையும் தலையையும் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுத் தாராளமாகச் சேர்க்கலாம். கருவாட்டுக் களத்துக் கழிவு மட்டும் வேண்டவே வேண்டாம்.

குட்டைத் தண்ணீர்

இதற்குச் செலவே இல்லை, அதனாலோ என்னவோ யாரும் மதிப்பதில்லை. குட்டையில் தண்ணீர் மாற்றும்போது மேலே இருந்து இறைக்காமல் ஹோஸை அடிமட்டத்துக்கு ஓர் அடி மேலே கட்டி இறைத்துத் தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் பாய்ச்சுங்கள். கலங்கலாக, பச்சையாக வருகிற அந்தத் தண்ணீரே ஓர் உரம். குட்டை வற்றின பிறகு சித்திரை வெயிலில் சேறு பாளம் பாளமாக வெடிக்கும், மேலாக நாலு விரல்கடை மட்டும் பெயர்த்து எடுங்கள். அதற்குக் கீழே உயிர் இல்லாத களி, அதைத் தோண்டினால் குட்டைதான் ஒழுகும். பயோஃப்ளாக், அதாவது கழிவை நுண்ணுயிர் தின்று சுத்தம் செய்கிற மீன் தொட்டி, வைத்திருப்பவர்கள் தினமும் அடிக்குழாயைத் திறந்துவிடுகிற சேறும் இதே கணக்குத்தான், ஆனால் தொட்டிக்குக் கல்லுப்பு போடுகிற பழக்கம் இருந்தால் மீட்டர் இல்லாமல் பாய்ச்சாதீர்கள்.

மீன் அமிலம்

மீன் கழிவை வெல்லத்தில் புளிக்கவைத்து, தண்ணீரில் கலந்து செடிக்குத் தெளிக்கிற திரவ உரம் இது. வெட்டின கழிவு ஐந்து பத்து கிலோ அளவில் சேர்ந்தால் இதுதான் லாபம். மூடி இறுக்கமாக இருக்கிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று, கழிவு எத்தனை கிலோவோ அத்தனை கிலோ வெல்லம். எடை பார்த்துப் போடுங்கள், கண் அளவு வேண்டாம். கழிவைச் சின்னதாக நறுக்கி, வெல்லத்தை நுணுக்கி, ஒரு அடுக்கு அது, ஒரு அடுக்கு இது என்று போட்டு, மேலே வெல்லத்தால் மூடிவிடுங்கள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். நிறையப் பேர் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான், கெட்டியாக இருக்கிறதே என்று ஒரு சொம்பு ஊற்றிவிடுவார்கள். வெல்லம் மீனில் இருக்கிற தண்ணீரைத் தானே உறிஞ்சி வெளியே எடுக்கும், அந்தச் சர்க்கரைப் பாகில் அழுகவைக்கிற கிருமி வளராது, புளிக்கவைக்கிற கிருமிதான் வளரும். மீன் குடலில் இருக்கிற செரிமான நொதிகள் சதையைக் கரைத்துக்கொண்டே இருக்கும். குடலைத் தூக்கி எறிந்துவிட்டுச் சதையை மட்டும் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேலைக்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலை நடக்கவில்லை என்கிற கதைதான்.

டிரம்மை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். முதல் பத்து நாள் வாயு கிளம்பும், தினமும் ஒருமுறை மூடியைத் தளர்த்தி விட்டு இறுக்க வேண்டும். நான் ஒரு கல்யாணத்துக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தபோது ஷெட்டின் ஓடு வரைக்கும் மீன் குழம்பு. கண்ணாடி பாட்டிலும் தகர டின்னும் கூடாது, ஒன்று வெடிக்கும், இன்னொன்று அரித்துப்போகும். நிழலில் வையுங்கள். 21 நாளில் ஆகிவிடும் என்பார்கள், எங்கள் வெயிலுக்கு ஆகிவிடுகிறதுதான், ஆனாலும் நான் 40 நாள் விடுகிறேன், முள் பஞ்சாகிவிடும், வடிகட்ட எளிது. திறந்தால் பழம் புளித்த வாசனை வர வேண்டும். பிண வாடை வந்தால் வெல்லம் பத்தவில்லை என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் போட்டுக் கிளறி மூடுங்கள், பெரும்பாலும் திரும்பிவிடும். புழு விழுந்தால் மூடி சரியில்லை.

வெல்லம்தான் செலவு. சாப்பிடுகிற வெல்லம் வேண்டியதில்லை, மண்டியில் இளகிப்போன, உடைந்த வெல்லம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற கழிவுப்பாகான மொலாசஸ் கிடைத்தால் அதுவும் சரி, ஆனால் அதில் பாதிதான் சர்க்கரை என்பதால் அளவைக் கூட்ட வேண்டும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியை இதற்குப் போடுகிறேன் என்று ஒருவர் சொன்னார், அதை அவர் காபியில் போட்டுக் குடிக்கலாம்.

லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி. ஏக்கருக்கு 200 லிட்டர் அடித்தால் 1 முதல் 2 லிட்டர் மீன் அமிலம் போதும். சாயங்காலம் வெயில் இறங்கினதும் அடியுங்கள். இன்னும் கொஞ்சம் ஊற்றினால் இன்னும் நன்றாக வரும் என்று கையைத் தாராளமாக்கினால் இலை கருகும், அப்படியே பிழைத்தாலும் மிளகாய்ச் செடி இலையாகக் கொழுத்துப் பூ விடாமல் நிற்கும், பூச்சிக்கும் கொண்டாட்டம். மல்லிகையில் பறிப்பு நடக்கும் நாளில் தெளிக்காதீர்கள், மறுநாள் பூக்காரம்மா திட்டுவது தெருக்கோடி வரை கேட்கும். கீரைக்கும் அப்படித்தான், பறிப்பதற்குப் பத்து நாள் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள்.

மட்கு உரம்

தண்ணீரில் காற்றைக் கலக்கிற ஏரேட்டர் நின்றுபோய் ஒரே ராத்திரியில் மீன் மொத்தமாகச் செத்து மிதக்கிற நாளில் மீன் அமிலம் போட வெல்லத்துக்கு எங்கே போவது? அதற்கு மட்கவைப்பதுதான் வழி. மீனில் தழைச்சத்து அளவுக்கு மீறி இருக்கிறது, ஒரு பங்கு தழைச்சத்துக்குக் கரிமச்சத்து 4 பங்குதான். மட்குகிற குவியலுக்கு வேண்டியது 25, 30. வைக்கோலில் 70, 80 இருக்கும், மரத்தூளில் பல நூறு. அந்தக் காய்ந்த சரக்கு சேராவிட்டால் மிச்சத் தழைச்சத்து அம்மோனியாவாகி மூக்கில் ஏறும். கண்ணைக் கரிக்கிறது என்றால் உங்கள் காசு காற்றில் போகிறது.

காய்ந்த சரக்குக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. சீமைக் கருவேலத்தைத் திட்டாதவர் இங்கே யாரும் இல்லை, ஆனால் அதை அறுக்கிற இடத்தில் விழுகிற தூளும் சிராயும் மீனுக்கு நல்ல ஜோடி. இலை வேண்டாம், அது மற்ற விதைகளின் முளைப்பைக் கெடுக்கும். கரிமூட்டம் போடுகிற இடங்களில் மூட்டையில் ஏற்ற முடியாத கரித்தூள் குவிந்து கிடக்கும், அதில் ஒரு மூட்டை வாங்கிவந்து குவியலில் கலந்தால் வாடையையும் அம்மோனியாவையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மண் கலந்த தூளானாலும் பரவாயில்லை. தென்னை நார்த்தூளும் போடலாம், ஆனால் உப்பங்கழியில் ஊறின மட்டையிலிருந்து வந்ததா என்று கேட்டு வாங்குங்கள், மறுபடி அதே உப்புக் கதை.

அடியில் ஓர் அடி கனத்துக்குத் தூளோ வைக்கோலோ, அதன் மேல் அரை அடிக்கு மிகாமல் மீன், ஓரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி. மேலே ஒரு கூடை மீனுக்கு மூன்று கூடை தூள். கொஞ்சம் சாணக் கரைசல். மறுபடி மீன், மறுபடி தூள். கடைசியாக மேலே ஓர் அடிக்குத் தூள், அதற்கு மேல் கருவேல முள்ளை வெட்டிப் பரப்பிவிடுங்கள், நாய் கிட்ட வராது, காக்கையும் யோசிக்கும். நீள அகல உயரம் மூன்றடிக்குக் குறைந்தால் சூடு பிடிக்காது. பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. நனைக்கிற தண்ணீர் முக்கியம். நம் போர் தண்ணீர் பாதி இடங்களில் சவர். குவியலின் சூட்டில் தண்ணீர் ஆவியாகப் போய் உப்பு மட்டும் உள்ளே தங்கும், மூன்று மாதம் ஊற்றினால் நல்ல தண்ணீர் மீனில் செய்த உரமும் உப்பு உரமாகிவிடும். மழைநீரோ குட்டைத் தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

இரண்டு மூன்று நாளில் சூடு ஏறும். ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள், பிடிக்க முடியாமல் சுட்டால் சரி. 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால்தான் நோய்க்கிருமி சாகும். முதல் மூன்று வாரம் கிளறவே கூடாது, ஆசைப்பட்டுத் திறந்தால் ஊருக்கே தெரியும். அப்புறம் புரட்டி, ஈரம் பார்த்து, மறுபடி மூடி, மாதம் ஒருமுறை புரட்டினால் மூன்று மாதத்தில் முள்ளும் பெரிய தலை எலும்பும் தவிர எல்லாம் கறுத்த மண்ணாகிவிடும். சலித்து நிற்கிற எலும்பைத் தென்னை மூட்டில் புதையுங்கள், மணிச்சத்து (பாஸ்பரஸ்) மெதுவாக இறங்கும். சாம்பல்சத்து (பொட்டாஷ்) இந்த உரத்தில் குறைவு, அடுப்புச் சாம்பல் சேர்க்கலாம், ஆனால் கடைசியில், சூடு தணிந்த பிறகு. முதலிலேயே சாம்பலோ சுண்ணாம்போ போட்டால் காரத்தன்மை ஏறி அம்மோனியாவைத் துரத்திவிடும். நாற்றத்துக்குச் சுண்ணாம்பு தூவுகிற ஆட்கள் உரத்தைத் தாங்களே காலி செய்கிறார்கள்.

மீன் கழிவைக் கையாளும்போது கையுறை போடுங்கள். கெளுத்தி முள் குத்தி ஒரு வாரம் கை வீங்கிக் கிடந்தவன் சொல்கிறேன்.

யாரிடம் விற்பது

யூரியாவோடு போட்டி போடாதீர்கள். 45 கிலோ மூட்டை சுமார் 270 ரூபாய்க்கு மானியத்தில் கிடைக்கிறது, அதில் 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து. 1 சதவீதம் தழைச்சத்து உள்ள மட்கு உரத்தில் அதே அளவு வேண்டுமென்றால் 2 டன் அள்ள வேண்டும். கணக்குத் தெரிந்த விவசாயி சிரிப்பார், சிரிப்பது நியாயம்தான். யூரியா வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவெடுத்தவர்களும், மண் இறுகிப்போய்த் தண்ணீர் நிற்காமல் தவிக்கிறவர்களும்தான் நம் ஆட்கள். தங்கச்சிமடம் பக்கம் மல்லிகை நாற்று போடுகிறவர்களுக்கு மணலில் கலக்க மட்கு உரம் எப்போதும் வேண்டும். தென்னந்தோப்புக்காரர்கள் மூட்டைக் கணக்கில் எடுப்பார்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு மருந்து எச்சம் குறைவான மிளகாய் வேண்டும் என்று தேடுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்த மிளகாய் போடுகிறவர்களிடம் மீன் அமிலம் எடுபடும், உப்புச் சோதனையைக் காட்டிவிட்டுக் கொடுத்தால். மாடித்தோட்டக்காரர்கள் அரை லிட்டர் பாட்டிலுக்கு நல்ல விலை தருவார்கள், ஆனால் ஒரு பாட்டிலுக்கு நாலு போன் பண்ணுவார்கள்.

அடக்கம் பார்த்து விலை வையுங்கள். 10 கிலோ கழிவுக்கு 10 கிலோ வெல்லம், கிலோ 50 என்றால் 500 ரூபாய். வடிகட்டினால் எனக்கு 13 லிட்டர் வருகிறது. லிட்டருக்கு வெல்லம் மட்டுமே 38 ரூபாய்க்கு மேல். கேன், உங்கள் கூலி, கெட்டுப்போகிற ஒரு டிரம் எல்லாம் தனி. மட்கு உரத்துக்கு அடக்கம் பெரும்பாலும் கூலிதான், அதனால் ஆள் வைத்துச் செய்தால் மிஞ்சாது. வீட்டு ஆட்கள் செய்தால் மிஞ்சும். காசுக்குப் பதில் சில சமயம் வைக்கோல் வாங்கிக்கொள்கிறேன், ஒரு மூட்டை உரத்துக்கு ஒரு கட்டு என்று பேச்சு.

பக்கத்து ஊருக்கு மூட்டையில் கட்டிக் கொடுப்பது வேறு, பெயர் அச்சடித்துப் பாக்கெட்டில் கடைக்குப் போடுவது வேறு. அதற்கு 1985-ம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அனுமதி வேண்டும், ஆய்வுக்கூடச் சான்று வேண்டும். மட்கு உரத்தின் ஈசி 4-க்கு மேல் போகக் கூடாது என்று அதிலேயே அளவு இருக்கிறது. அமினோ அமில வகைத் திரவங்களும் 2021 முதல் அந்த ஆணைக்குள் வந்துவிட்டன. லேபிள் அடிக்கும் முன் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். உப்பு பற்றிச் சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது, மண்ணும் சேறும் தலா அரைக் கிலோ பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

மதுரைக்கு பஸ்ஸில் கேன் போட்டு அனுப்புவதானால் வாயு அடங்கி இரண்டு மாதமாவது ஆன சரக்கை மட்டும் அனுப்புங்கள். மூடிக்கு அடியில் ஒரு பாலித்தீன் துண்டு, மேலே டேப், கேனைச் சுற்றி இன்னொரு பை. ஒரே ஒருமுறை ஒழுகினாலும் அந்த பஸ்ஸில் உங்கள் பார்சலை அப்புறம் ஏற்ற மாட்டார்கள்.